மொட்டை மாடி ஷெட் தீயில் எத்தனை நிமிடம் நிற்கும்?

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது. மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் இடம் என்ன விலை விற்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதனால் பழைய கடைக் கட்டடத்தைப் புதுப்பிக்க இறங்குகிற உரிமையாளரின் கண் கடைசியில் மொட்டை மாடியில் போய் நிற்கும். கோபுரம் தெரிகிற மாதிரி ஒரு ரூஃப்டாப் ஹோட்டல், தீபாவளிச் சரக்கை அடுக்க ஒரு கொட்டகை, வேலை ஆட்கள் தங்க இரண்டு அறை. கீழ்த்தளங்களுக்கு இன்ஜினியர் வருவார், பிளான் வரும். மாடி ஷெட்டுக்கு மட்டும் இரும்பை வெட்டி வெல்டிங் செய்கிற ஃபேப்ரிகேட்டருக்கு ஒரு போன், சதுர அடிக்கு ஒரு ரேட், பத்து நாளில் வேலை முடிந்துவிடும்.

இந்த மாதிரிக் கட்டடங்களைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் என் தொழில். தீப்பாதுகாப்பு என்று வரும்போது நான் முதலில் ஏறிப் பார்ப்பது அந்த ஷெட்டைத்தான். கீழே எங்கே தீப்பிடித்தாலும் புகையும் சூடும் மேலேதான் ஏறும், படிக்கட்டு அதற்குப் புகைபோக்கியாகிவிடும். இறங்க வழியில்லாதவர்கள் ஓடுவதும் மேலேதான். உயிர் பிழைக்க மக்கள் ஓடி வருகிற இடத்தில், கட்டடத்திலேயே மிகச் சீக்கிரம் பற்றக்கூடிய பொருட்களைக் கொண்டுபோய்க் கட்டி வைக்கிறோம்.

இதற்கு நம் மாநிலம் கொடுத்த விலை அதிகம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் பற்றி எரிந்தது மாடி உணவகம், இறந்தவர்கள் 14 பேர். கும்பகோணத்துக்குப் பிறகு கீற்றைக் கண்டால் எல்லோருக்கும் பயம் வந்தது. ஆனால் கீற்று இருந்த இடத்துக்கு என்ன வந்திருக்கிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

"என்ன சார், எல்லாம் இரும்பு, தகரம். இதுல பத்திக்க என்ன இருக்கு?" மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜ் உரிமையாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய ஷெட்டுக்குள்ளேயே நின்று, மேலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். தகரத்துக்கு அடியில் வெயிலுக்காக ஒட்டிய தெர்மாகோல். அதை மறைக்க பி.வி.சி. ஃபால் சீலிங். சீலிங்குக்குள் பைப் போடாமல் விட்ட வயர்கள். பக்கவாட்டில் மூங்கில் தட்டி, பிளாஸ்டிக் புல் விரிப்பு, நாற்காலிகளில் ஸ்பாஞ்ச் மெத்தை, ஓரத்தில் வெளிச்சம் விடுகிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட். கணக்குப் பார்த்தால் அந்த மாடியில் எரியாதது இரும்பும் தகரமும் மட்டும்தான். பி.வி.சி. எரிந்தால் கண்ணைத் திறக்க விடாத அமிலப் புகை வரும். பாலிகார்பனேட் உருகிச் சொட்டும். கீழே நிற்பவர்மேல்தான் சொட்டும்.

அந்த இரும்பாவது நிற்குமா? எரியாத பொருளும் தீயைத் தாங்கும் பொருளும் ஒன்றில்லை. 550, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது சாதாரணக் கட்டுமான இரும்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பரிசோதனை உலையில் பின்பற்றும் தரக் கணக்குப்படி அரை மணி நேரத்திலேயே வெப்பம் 840 டிகிரியைத் தாண்டும். நம் ஊர் ஷெட்டுகளில் போடுவதோ 2, 3 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரப் பைப். கனம் குறையக் குறைய இரும்பு சீக்கிரம் சூடேறும். மேல்பூச்சு எதுவும் இல்லாத அந்தத் தூண்களுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் நான் உத்தரவாதம் தர மாட்டேன். பழைய வீடுகளில் இருக்கிற கனமான தேக்கு உத்திரம்கூட இதைவிட அதிக நேரம் நிற்கும். அது வெளிப்புறம் கரியாகிக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் தேயும், உள்ளே இருக்கிற மரம் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு சுவரோ கூரையோ தீயைத் தாங்குகிறதா என்று உலையில் வைத்துப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். சுமையோடு நிற்கிறதா, விரிசல் வழியாகத் தீ மறுபக்கம் போகிறதா, மறுபக்கம் தாங்க முடியாத அளவு சூடேறுகிறதா. இவை எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் அந்தப் பொருளின் தீத்தாங்கு நேரம். இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 3809. எந்த வகைக் கட்டடத்தில் எந்த உறுப்பு எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 4ஆம் பகுதியில் அட்டவணை போட்டுச் சொல்கிறது. மாடி என்பதால் அதிலிருந்து யாரும் தள்ளுபடி எதிர்பார்க்கக் கூடாது.

ஷெட்டுக்கு இப்போது எல்லோரும் கேட்பது சாண்ட்விச் பேனல். இரண்டு தகடுகளுக்கு நடுவே மஞ்சளாக ஃபோம் இருந்தால் அது பஃப் பேனல். வெயிலுக்கு அருமையான பொருள், தீக்கு மோசமான பொருள். எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். தகடு மூடியிருப்பதால் உள்ளே எரிவதை வெளியிலிருந்து அணைக்கவும் முடியாது. நடுவே கம்பளி மாதிரி நார் தெரிந்தால் அது ராக்வூல், பாறையை உருக்கி இழுத்த நார், எரியாது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் பேனல் வந்து இறங்கிய அன்றே விளிம்பைப் பாருங்கள், ஒரு துண்டு வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராக்வூலுக்கு விலை கூடுதல், எடையும் கூடுதல். தூணையும் அதற்கு ஏற்றபடி கணக்குப் போட வேண்டும். லைட்டரைக் காட்டி "பாருங்க, பத்தல" என்று காட்டுகிற வியாபாரியும் உண்டு. சின்னச் சுடருக்குப் பற்றாத எத்தனையோ பொருள் பெரிய தீயில் எரியும். கேட்க வேண்டியது பரிசோதனைச் சான்று. அதில் இருக்கிற கனமும் உங்களுக்கு வந்த பேனலின் கனமும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும்.

"ஃபயர் பெயிண்ட்" விஷயத்திலும் இதே கதைதான். தூணுக்கு அடிக்கிற உண்மையான தீத்தடுப்புப் பெயிண்ட் சூட்டில் பல மடங்கு உப்பி, இரும்புக்கு ஒரு போர்வையாகிவிடும். அது ஒரு கோட் அடித்து முடிக்கிற வேலை இல்லை. இரும்பு எவ்வளவு மெலிசோ பெயிண்ட் அவ்வளவு கனமாக வேண்டும். மழை படுகிற இடத்தில் அதற்கேற்ற மேல்கோட்டும் வேண்டும். உலர்ந்த பிறகு கருவி வைத்துக் கனத்தை அளக்காமல் நான் பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை. சின்ன ஷெட்டாக இருந்தால் தூண்களைச் சுற்றிக் கால்சியம் சிலிக்கேட் போர்டு அடிப்பதோ, கான்கிரீட் போட்டு மூடுவதோ எனக்கு இன்னும் நம்பிக்கையான வழி.

எல்லாவற்றையும்விட நான் சண்டை போடுவது மாடிப்படி வந்து முடிகிற ஹெட்ரூமுக்காக. கடைக்காரர் கண்ணில் அது சும்மா கிடக்கிற இடம். அட்டைப் பெட்டி, பழைய பேனர், தண்ணீர் கேன் எல்லாம் அங்கேதான் அடையும். கதவு பி.வி.சி. கதவு, அதிலும் பூட்டு, சாவி முதலாளி வீட்டில். ஹெட்ரூம் சுவரை இடித்துவிட்டு ஹோட்டலோடு சேர்த்துவிடலாம் என்பார்கள் சிலர். கூடவே கூடாது. அந்தச் சுவர் குறைந்தது 2 மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்று கேட்பேன். இருபக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் அதைச் சாதாரணமாகத் தாங்கும். தளம் அந்த எடையைத் தாங்காது என்றால் ஏ.ஏ.சி. பிளாக் என்கிற எடை குறைந்த கான்கிரீட் கல் இருக்கிறது. கதவு தானாக மூடிக்கொள்கிற, சான்று பெற்ற தீத்தடுப்புக் கதவாக இருக்க வேண்டும், சாவியில்லாமல் திறக்க வேண்டும். கோபுரம் தெரியட்டும் என்று அங்கே கண்ணாடி வைக்கிறார்கள். டஃபண்ட் என்கிற கடினமாக்கிய கண்ணாடி உடைந்தால் கையைக் கிழிக்காது, அவ்வளவுதான். தீயை அது தாங்காது. மாடியில் மேஜை போட்டு ஆட்களை உட்கார வைப்பதாக இருந்தால் இரண்டாவது படிக்கட்டு இல்லாமல் நான் வரைபடமே போடுவதில்லை. சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதி மாடிகளைப் பார்த்தவர்கள் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மாடியில் காற்றோட்டம் இருக்கிறதே என்று நினைப்போம். கைப்பிடிச்சுவர் சுற்றி நிற்கிற தளத்தில் கசிகிற கேஸ் தரையோடு தேங்கி, படி வழியாகக் கீழே இறங்கும். 19 கிலோ சிலிண்டர்களைப் படிவாசலுக்கு எதிர்க்கோடியில், கைப்பிடிச்சுவருக்குப் பதில் கம்பி வலை போட்ட பக்கத்தில் வைக்கச் சொல்வேன். சமையலறைப் புகைக்குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படியும், ஒருநாள் அது பற்றும். அந்தக் குழாயைச் சுற்றி ஒன்றரை அடி தூரத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது.

அப்புறம், மட்டப்பா தளம். விளக்குத்தூண் பக்கத்துப் பழைய கட்டடங்களில் மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் ஷெட், அதன் பக்கத்தில் தண்ணீர் டேங்க். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். கீழே ஜவுளி பற்றினால் கட்டை எரியும், அதன் மேல் உள்ளதெல்லாம் இறங்கும். 2020 தீபாவளி இரவில் இதே வட்டாரத்தில் ஒரு ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன 2 தீயணைப்பு வீரர்கள், பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். மட்டப்பா மேல் ஷெட் போடச் சொல்லி யார் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்கிறேன். வேலை கைவிட்டுப் போனாலும் சரி.

மாடியில் போடுவது கட்டுமானம்தான், அதற்கும் அனுமதி வேண்டும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பிளானில் அதைக் காட்டுங்கள், தீயணைப்புத் துறையிடமும் முன்னதாகவே கேளுங்கள். பணம் பற்றவில்லை என்றால் ஹெட்ரூமின் சுவருக்கும் கதவுக்கும் முதலில் செலவழியுங்கள், அடுத்து சமையலறையைப் பிரிக்கிற தடுப்புக்கு, பிறகு தூண்களுக்கு. ஃபால் சீலிங் இல்லாவிட்டாலும் ஹோட்டல் நடக்கும். ஃபேப்ரிகேட்டரின் கொட்டேஷனில் "ராக்வூல் பேனல், இத்தனை மில்லிமீட்டர், தீத்தாங்கு நேரம் இத்தனை நிமிடம், சான்று இணைப்பு" என்று எழுதி வாங்குங்கள். சீலிங் மூடுவதற்கு முன் உள்ளே ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து, பேனல் சான்று, பெயிண்ட் டின் பேட்ச் நம்பர், கனம் அளந்த தாள் எல்லாவற்றையும் அதோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அந்த ஃபைலைத் தவிர வேறு சாட்சி இருக்காது.