ஏழு கண் பட்டாம்பூச்சி

கிழக்கு ஆப்பிரிக்காவில் தரையை ஒட்டித் தாழப் பறக்கும் சிறு பழுப்புப் பட்டாம்பூச்சி, பைசைக்ளஸ் அனினானா. பூவைவிட, விழுந்து புளித்த பழத்தையே நாடும். மழைக்காலத்தில் பிறந்தால், பின்னிறக்கையின் அடிப்புறத்தில் ஏழு கண்புள்ளிகள் பளிச்சென்று தெரியும்: நடுவில் வெள்ளைப் பொட்டு, சுற்றிக் கறுப்பு, வெளியே பொன் வளையம். வறட்சிக்காலத்தில் பிறந்தாலோ அவை மிகச் சிறுத்துவிடும். இறக்கையே ஒரு காய்ந்த சருகு.

இது பரம்பரை வேற்றுமை அன்று. 1988இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் நகாடா பே என்ற இடத்தில் பிடித்த 80க்கும் மேற்பட்ட பெண் பூச்சிகளின் சந்ததி இன்றும் ஆய்வகங்களில் மக்காச்சோள நாற்றைத் தின்று வளர்கிறது. ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து, பாதியை 27 டிகிரி செல்சியசில் வளர்த்தால் பெரிய கண்கள் வரும். மீதியை 17 டிகிரியில் வளர்த்தால் சிறியவை. இடைப்பட்ட வெப்பத்தில் இடைப்பட்ட அளவு.

புழு தின்பதை நிறுத்தி, கூட்டுப்புழுவாகத் தொங்குவதற்கு இடம் தேடி அலையும் கட்டம்தான் முக்கியம். வெப்பத்தில் வளர்ந்த புழுவின் உடலில் அப்போது, பூச்சிகளைத் தோலுரிக்க வைக்கும் எக்டைசோன் வகை ஹார்மோன் கூடுதலாக இருக்கும். எதிர்காலக் கண்ணின் நடுச் செல்களில் அதை உணரும் ஏற்பி உண்டு; ஹார்மோன் கிடைத்ததும் அவை பெருகுகின்றன. குளிரில் வளர்ந்த புழுவுக்கு அந்நேரம் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் கண்புள்ளி பெரிதாகிறது.

பெரிய கண்புள்ளி, வேட்டையாடும் கும்பிடுபூச்சிக்கு எளிதில் தெரியும். ஆனால் அதன் பிடி உடலில் விழாமல் இறக்கை ஓரத்தில் விழுகிறது; கொஞ்சம் கிழிந்தாலும் பட்டாம்பூச்சி தப்பி முட்டையிடும். வறட்சியில் புல் காய்ந்து, புழுக்களுக்குத் தீனி இருக்காது. அப்போது முட்டையிடுவதை ஒத்திப்போட்டு, சருகோடு சருகாக அசையாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதே பிழைக்கும் வழி.

காதலும் தலைகீழாகிறது. மழைக்காலத்தில் ஆண்கள் இறக்கைப் பொட்டைக் காட்ட, பெண்கள் தேர்ந்தெடுக்கும். குளிரில் வளர்ந்தவற்றில் பெண்கள் காட்ட, ஆண்கள் தேர்ந்தெடுக்கும். விந்தோடு ஆண் தரும் சத்து அப்பெண்ணின் ஆயுளை நீட்டுகிறது. கொடுத்த ஆணின் ஆயுளோ குறைகிறது. அவன் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதில் வியப்பில்லை.

நம் வயல்களில் நெல் இலை தின்று வளரும் மெலானிடிஸ் லீடா என்ற பட்டாம்பூச்சியும் இதே குடும்பம்தான். ஆப்பிரிக்காவிலும் வாழும் அதற்கும் இப்படி இரு பருவ உடைகள் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. புழு வெப்பத்தைத்தான் அளக்கிறது, மழையை அல்ல. மலாவியில் வறட்சிக்கு முன் குளிர் வருவதால் கணக்கு சரியாகிறது. குளிராமலே வறட்சி வந்தால், பெரிய கண்களோடு பிறந்தவை பழுப்புச் சருகின் மேல் உட்கார்ந்து பறவையின் பார்வையில் பட்டுவிடும்.