செவிலியத் தகவலியலில் கணினிக்கு என்ன வேலை?

சென்ற மாதம் ஒரு நர்சிங் கல்லூரிக் கருத்தரங்கின் அழைப்பிதழ் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘செவிலியர் கணினியியல்’. அதற்குக் கீழே, ‘செவிலியர் ஆராய்ச்சியில் கணினி மற்றும் தகவல் தொழில்நுட்பம்’. இந்த ஆண்டில் இந்தச் சொல் என் மேசைக்கு வருவது இது நான்காம் முறை. முதல் மூன்று முறையும் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூலச் சொல் நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ். அதற்கு நான் எழுதுவது ‘செவிலியத் தகவலியல்’. பிறப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957இல் கார்ல் ஷ்டைன்புக் என்ற ஜெர்மானியர் ‘இன்ஃபர்மாட்டிக்’ என்று எழுதினார். 1962இல் பிரான்சில் பிலிப் டிரைஃபுஸ், தகவலைக் குறிக்கும் சொல்லில் பாதியையும் தானியங்கியைக் குறிக்கும் சொல்லில் பாதியையும் ஒட்டி ஒரு பிரெஞ்சுச் சொல் செய்தார். ஆங்கிலத்துக்கும் அது வந்துசேர்ந்தது. 1980களில் நர்சிங்கோடு இணைந்தது. 1989இல் ஜூடித் கிரேவ்ஸ், ஷீலா கோர்கோரன் இருவரும் கொடுத்த வரையறை இன்றும் பாடநூல்களில் எடுத்தாளப்படுகிறது: கணினி அறிவியல், தகவல் அறிவியல், செவிலிய அறிவியல் மூன்றும் சேர்ந்து, செவிலியத்துக்குரிய தரவையும் தகவலையும் அறிவையும் கையாளத் துணைசெய்யும் துறை. 1992இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. இந்திய நர்சிங் கவுன்சில் திருத்தியமைத்த பி.எஸ்சி. பாடத்திட்டத்திலும் இப்போது இது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே தமிழ்ப் பெயர் வைக்கும் அவசரம் புரிகிறது. அவசரத்தில் வைத்த பெயர்தான் பிடிக்கவில்லை.

முதல் கோளாறு ‘செவிலியர்’. செவிலியர் என்றால் ஆட்கள். ‘செவிலியர் ஆராய்ச்சி’ என்று படித்தால், யாரோ நர்ஸ்களை உட்காரவைத்து ஆராய்கிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படியும் ஆய்வுகள் உண்டு. இரவுப் பணி பார்க்கும் நர்ஸ்களின் தூக்கத்தை ஆராய்ந்தால் அது செவிலியர் ஆராய்ச்சி. நோயாளிக்குப் படுக்கைப் புண் வராமல் தடுப்பது எப்படி என்று பார்த்தால் அது செவிலிய ஆராய்ச்சி. மருத்துவ ஆராய்ச்சியை மருத்துவர் ஆராய்ச்சி என்று எவரும் எழுதுவதில்லை. செவிலியம் என்று துறைக்கு ஒரு சொல் தயாராக இருக்கும்போது நர்ஸ்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? (இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தாதி, தாதியர் என்பார்கள். அதில் எனக்குச் சண்டை ஏதும் இல்லை.)

இரண்டாவது கோளாறு பெரியது. கணினியியல் என்றால் கணினியைப் பற்றிய படிப்பு. இந்தத் துறையோ, நோயாளியின் படுக்கையருகே நர்ஸ் கண்டதை எந்தப் பெயரில் எழுதுவது, எழுதியதை எப்படி எண்ணுவது, எண்ணியதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது என்று கேட்கிறது. ஒரு வார்டில் மூன்று நர்ஸ்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘முதுகு சிவந்திருக்கிறது’ என்று குறிக்கிறார். இன்னொருவர் ‘தோல் சரியில்லை’ என்கிறார். மூன்றாமவர் ‘புண் ஆரம்பம்’ என்று முடித்துவிடுகிறார். எவ்வளவு விலையுயர்ந்த கணினியில் ஏற்றினாலும் மூன்று வாக்கியங்கள்தான் திரும்பி வரும். இதற்கு வழி கண்டவர்கள் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் என்ற இரு அமெரிக்க நர்ஸ் ஆய்வாளர்கள். 1987இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் ஆறு கேள்விகள்: வலியையும் அழுத்தத்தையும் உணர்கிறாரா, தோலில் ஈரம் எவ்வளவு, எழுந்து நடக்கிறாரா, படுத்தபடி அசைகிறாரா, என்ன சாப்பிடுகிறார், தோல் உராய்கிறதா. மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை வரும். குறையக் குறைய படுக்கைப் புண் வரும் ஆபத்து அதிகம். இதைப் போட ஒரு தாளும் பேனாவும் போதும். தகவலியல் அந்தத் தாளிலேயே தொடங்கிவிட்டது. கணினி பிறகு வந்து கூட்டல் போடட்டும்.

ஹேரியட் வெர்லி என்ற அமெரிக்க நர்ஸ் ஆய்வாளர் 1985இல் ஒரு மாநாட்டைக் கூட்டினார். எந்த மருத்துவமனையானாலும் நர்ஸ்கள் கட்டாயம் பதிய வேண்டியவை என்று அதிலிருந்து உருவான பட்டியலில் 16 இனங்கள். அவற்றில் நான்கு செவிலியத்துக்கே உரியவை: நர்ஸ் கண்டறிந்த சிக்கல், அதற்காகச் செய்தது, அதனால் விளைந்தது, பராமரிப்புக்குப் பிடித்த உழைப்பு. இந்தப் பட்டியலில் கணினி எங்கே இருக்கிறது? இன்னும் பின்னால் போனால் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நிற்கிறார். கிரிமியப் போரில் இறந்த வீரர்களைக் காரணவாரியாகப் பிரித்து, காயத்தைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது என்று 1858இல் வண்ண வரைபடமாகப் போட்டவர். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்கட்டும் என்று 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டுக்குத் திட்டம் கொடுத்தவர். அவரைக் கணினியியலார் என்று அழைக்க அழைப்பிதழ்க்காரர்களுக்குத் துணிச்சல் உண்டா?

இங்கே ஒரு நண்பர் மடக்கினார். “பிரெஞ்சு மூலத்திலேயே தானியங்கி ஒளிந்திருக்கிறதே, அப்படியானால் கணினி சரிதானே?” கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் வேர்ப்பொருள்தான் பொருள் என்று பிடிவாதம் பிடித்தால் ‘செவிலி’ என்ற சொல்லே நம் கையை விட்டுப் போய்விடும். ‘தோழி தானே செவிலி மகளே’ என்கிறது தொல்காப்பியம். செவிலி தலைவியை வளர்த்த தாய். மகள் காதலனோடு போய்விட்டாள் என்றறிந்து, பாலை வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டு அலைகிறவள். அவளை மருத்துவமனைக்குள் அழைத்துவந்து சீருடை போட்டது இக்காலம். ஆங்கில நர்ஸும் பாலூட்டி வளர்த்த தாயிலிருந்து வந்தவள்தான். இரண்டு சொல்லும் வேரை விட்டு நடந்து வந்திருக்கும்போது, இன்ஃபர்மேட்டிக்ஸை மட்டும் 1962இல் கட்டிப்போடுவது என்ன நியாயம்?

அடுத்த போட்டியாளர் ‘செவிலியத் தகவல் தொழில்நுட்பம்’. தொழில்நுட்பம் கருவி, துறை அதைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். சிலர் ‘செவிலியத் தகவல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படியென்றால் எத்தனை மணிக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்பதும் இந்தத் துறையாகிவிடும். எண்களுக்குப் புள்ளிவிவரம், அந்த எண்களை ஆராயும் துறைக்குப் புள்ளியியல் என்று தமிழ் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. அதே வழியில் தகவல் வேறு, தகவலியல் வேறு. உயிரித் தகவலியல் என்று ஏற்கெனவே எழுதிப் பழகியும் இருக்கிறோம்.

‘தரவியல்’ என்பாரும் உண்டு. தரவு எனக்கு மிகப் பிடித்த சொல். தரப்பட்டது என்னும் இலத்தீனப் பொருளுக்கு ‘தா’ என்ற வினையிலிருந்தே ஈடு கிடைத்திருக்கிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதுவே பெயர். ஆனாலும் இங்கே போதாது. மாலையில் காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ் என்பது தரவு. நான்கு நாளாக மாலைதோறும் ஏறுகிறது என்பது தகவல். ஏறினால் யாரை அழைப்பது, அதுவரை என்ன செய்வது என்பது அறிவு. தரவியல் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. தகவலியல் நடுப்படியில் நின்று இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது.

கணினியை ஒரேயடியாக விரட்டச் சொல்லவில்லை. ஆய்வு மாணவி எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் எண்களை ஏற்றுகிறாள், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் கட்டுரை தேடுகிறாள். இவற்றைச் சொல்ல ‘செவிலிய ஆராய்ச்சியில் கணினிப் பயன்பாடு’ என்ற தொடர் கச்சிதம். அது துறைக்குள் ஒரு பாடத்தலைப்பு. பாடத்தலைப்பைத் தூக்கித் துறையின் பெயர்ப்பலகையில் மாட்டினால்தான் வம்பு. மாட்டுவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர். துறையைத் திறந்து பார்க்க நேரமில்லை. படத்தில் ஒரு நர்ஸும் ஒரு கணினியும் இருந்தன, இரண்டையும் ஒட்டிவிட்டார். நடுவில் ஒரு ‘மற்றும்’. ‘கணினியும் தகவல் தொழில்நுட்பமும்’ என்று எழுதினால் உம்மைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்களோ என்னவோ.

அழைப்பிதழில் ‘செவிலியத் தகவலியல்’ என்று திருத்தி, உள்ளே ஒரு சீட்டில் காரணமும் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்திருக்கிறது: ‘செவிலிய தகவலியல்’. த் என்ற ஒற்றைக் காணோம். அது ஐந்தாம் முறைக்கு இருக்கட்டும்.