பில்லில் எந்த வைரம் என்று எழுதியிருக்கிறது?

வைரத் தோட்டை அடகு வைத்துக் கடன் பெற வங்கிக்கு வருபவர்களிடம், கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே மதிப்புப் போடுவோம் என்று சொன்னால், அவர்களில் பலர் திகைத்துப் போகிறார்கள். கல் பூமியிலிருந்து எடுத்த வைரமாக இருந்தாலும், ஆய்வகத்தில் வளர்த்த வைரமாக இருந்தாலும், அமெரிக்கன் டைமண்டாக இருந்தாலும், நகைக்கடன் கணக்கில் அதற்கு மதிப்பு இல்லை. சேலத்தில் நகை மதிப்பீட்டாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில் நான் கண்டது என்னவென்றால், பவுன் பவுனாகச் சேர்த்துப் பழகிய நம் குடும்பங்கள் கல் நகையையும் சேமிப்பாகவே நினைத்து வாங்குகின்றன. எந்தக் கல்லை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

கடைகளில் வைரம் போல் மின்னுபவை மூன்று வகைப்படும். முதலாவது, பூமிக்கு அடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்த இயற்கை வைரம். சேர்வராயன் மலையில் பாக்சைட்டும் அடிவாரத்தில் மேக்னசைட்டும் கிடைப்பதால் இங்கே வைரமும் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் இன்று அதற்குப் பெயர்பெற்ற சுரங்கம் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் இருக்கிறது. இரண்டாவது, ஆய்வக வைரம். கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரத்தை உருவாக்கும் முறையை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1954இல் கண்டறிந்தது. மெல்லிய வைரத் தகட்டின் மீது மீத்தேன் வாயுவிலிருந்து கார்பன் அணுக்களைப் படியவைத்து, சில வாரங்களில் கல்லை வளர்க்கும் சி.வி.டி. முறை பின்னர் நடைமுறைக்கு வந்தது. 2023-24 நிதிநிலை அறிக்கையைத் தொடர்ந்து, இதற்கான ஆராய்ச்சிக்குச் சென்னை ஐ.ஐ.டி.க்கு 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இயற்கை வைரம், ஆய்வக வைரம் இரண்டுமே கார்பன்தான். இரண்டின் கடினமும் மோஸ் அளவில் உச்சமான 10. ஆகவே ஆய்வக வைரத்தைப் போலி என்று ஒதுக்குவது தவறு. போலி என்று சொல்வதானால், வைரமாகக் காட்டி விற்கப்படும் மூன்றாம் வகையைத்தான் சொல்ல வேண்டும்: அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் அழைக்கும் கியூபிக் சிர்கோனியாவும், சிலிக்கன் கார்பைடால் ஆன மாய்சனைட்டும்.

கடையில் பேனா போன்ற கருவியைக் கல்லின் மேல் வைத்து, அது ஒலித்ததும் "ஒரிஜினல்" என்று சொல்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அக்கருவி பார்ப்பது கல் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தை மட்டுமே. சிர்கோனியா அதில் உடனே தோற்றுவிடும். மாய்சனைட்டோ வைரம் என்றே தேறிவிடும். மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் கருவிதான் அதைப் பிரித்துக் காட்டும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் மாய்சனைட்டின் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும் என்பதால், பழகிய கண்ணுக்கு அது தப்புவதில்லை. ஆய்வக வைரம் மெய்யாகவே வைரம் என்பதால் பேனாக் கருவி அதை வைரம் என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒலி, கல் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்று ஆகாது. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருக்கும், சி.வி.டி. கற்களில் அது அநேகமாக இருக்காது என்பது போன்ற வேறுபாடுகளை நிறமாலைக் கருவி வைத்திருக்கும் ஆய்வகம்தான் உறுதி செய்ய முடியும்.

நம் ஊரில் சிக்கல் இதைவிடக் கூடுதலானது. ஒற்றைப் பெரிய கல் வாங்குபவர் இங்கே குறைவு. விற்பவை பெரும்பாலும் ஏழு கல் தோடும் மூக்குத்தியும்தான். அவற்றில் பதிக்கும் சில சென்ட் (ஒரு சென்ட் என்பது காரட் என்ற கல் எடையில் நூறில் ஒரு பங்கு) எடையுள்ள பொடிக் கற்களுக்குத் தனித்தனியே சான்றிதழ் வாங்குவது கட்டுப்படியாகாது என்பதால், நகை முழுவதற்கும் ஒரே சான்றிதழ்தான் தருவார்கள். இயற்கைக் கற்களின் பொட்டலத்தில் ஆய்வகக் கற்களைக் கலந்துவிடுவது உலகெங்கும் இத்தொழிலை வருத்தும் பிரச்சினை. கடைக்காரரே அறியாமல் ஏமாறுவதும் உண்டு. எனவே எல்லாக் கற்களும் சோதிக்கப்பட்டனவா, சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தார்களா என்பதைச் சான்றிதழில் படித்துப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். உலகின் பெரிய வைரச் சுரங்க நிறுவனங்களில் ஒன்றான டி பீர்ஸ் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகைகளை, கல்லுக்குக் காரட் 800 டாலர் என்று விற்கத் தொடங்கியது. கற்களின் விலை சரிந்துகொண்டே போக, அந்தக் கிளையை மூடுவதாக 2025இல் அறிவித்தது. வளர்க்க வளர்க்கப் பெருகும் பொருளின் விலை இறங்குவது இயல்புதான். அதற்காக இயற்கை வைரம் வாங்கியவர் லாபம் பார்க்கிறார் என்றும் எண்ண வேண்டாம்: அதன் சந்தை விலையும் அண்மை ஆண்டுகளில் இறங்கியது, வாங்கிய கடையைத் தவிர வேறெங்கும் நல்ல விலைக்கு எடுப்பது அரிது. என் கருத்தில், மகளுக்குச் சேமிப்பாக வேண்டுமென்றால் கல் இல்லாத தங்கமே சரி. அணிந்து மகிழ வேண்டுமென்றால் ஆய்வக வைரம் தாராளமாகப் போதும். பாட்டி, அம்மா, மகள் என்று கைமாறும் நகையாக இருக்க வேண்டும், அதன் அருமைக்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் மனம் இருக்கிறது என்பவர் இயற்கை வைரத்தை வாங்கலாம்.

அமெரிக்கன் டைமண்டை விசேஷங்களுக்கு மட்டும் அணியுங்கள். அதன் கடினம் 8 முதல் 8.5 வரைதான் என்பதால், நாள்தோறும் அணிந்தால் சில ஆண்டுகளில் பட்டை விளிம்புகள் தேய்ந்து மங்கிவிடும். வைரம் மங்கினால் அது அழுக்குதான். எண்ணெய்ப் பசை வைரத்தில் எளிதாக ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகைகளின் மேல் கற்களை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் தோடு ஒளியிழப்பதில் வியப்பில்லை. வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பல்துலக்கியும் போதும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக் குடும்பங்களிலிருந்து ப்ளூ ஜாகர் வைரம் என்று சொல்லிப் பழைய தோடுகளைக் கொண்டுவருவார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை ஒட்டி வந்த பெயர் அது. பின்புறம் மூடிப் பதித்த கல்லைக் கழற்றாமல் உறுதியாக எதையும் சொல்ல இயலாது; புதிய மாடலுக்காக அதை அழிப்பதற்கு முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே பொறுப்பு. கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஐ.எஸ்.ஓ. 18323 என்ற பன்னாட்டுத் தர வரையறையின்படி, அடைமொழி இல்லாமல் வைரம் என்று எழுதினால் அது இயற்கை வைரத்தையே குறிக்க வேண்டும். எனவே பில்லில் இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்பது முழுமையாக எழுதப்பட்டிருக்கட்டும். அதோடு காரட் எடை, கற்களின் எண்ணிக்கை, கல் எடை கழித்த நிகரத் தங்க எடை, திரும்ப வாங்கும் நிபந்தனை ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். சேதாரம் நிகர எடைக்குத்தான் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; சிர்கோனியா அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது என்பதால், கழிக்காமல் விட்டால் கல்லுக்குத் தங்க விலை கொடுத்துவிடுவீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதிடுவது கடினம்.

அந்தப் பில்லின் நகல் ஒன்றைப் பழுதுபார்க்கும் ஆசாரியிடமும் காட்டுங்கள். பற்றவைக்கும் சூட்டைத் தக்க காப்போடு வைரம் தாங்கிவிடும். சூடாக இருக்கும்போதே தண்ணீரில் போட்டால் சிர்கோனியா விரிசல் விட்டுவிடும் என்பதால், எந்தக் கல் என்று தெரிந்தால்தான் அவர் அதைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குவார்.