ஆய்வகத்தில் வளரும் இன்சுலின் செல்கள்: ஊசியை இப்போதே நிறுத்தலாமா?

"ஸ்டெம் செல் போட்டா இன்சுலினே வேண்டாமாமே டாக்டர்?" என்று போனை நீட்டினார் அந்தத் தாய். பக்கத்தில் மகன். சர்க்கரை பார்க்கக் குத்திக் குத்தி அவன் விரல் நுனியெல்லாம் கரும்புள்ளி. அவரது ஆசையில் தப்பே இல்லை.

டைப் 1 சர்க்கரை நோயில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இறந்தவர்களின் கணையத்திலிருந்து எடுத்த, பீட்டா செல்கள் அடங்கிய செல்திட்டுகளைக் கல்லீரலுக்குள் செலுத்தி, 7 பேர் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டதாக 2000-இல் கனடாவின் எட்மன்டன் மருத்துவர்கள் அறிவித்தார்கள். ஆனால் ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டு கொடையாளர்களாவது தேவைப்பட்டார்கள். அத்தனை கணையத்துக்கு எங்கே போவது?

அதனால்தான் ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சி. எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லுக்கு, கருவில் கணையம் உருவாகும் அதே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக ரசாயனச் சமிக்ஞைகள் கொடுப்பார்கள். பல வாரங்கள் பிடிக்கும். இன்சுலின் சுரந்தால் மட்டும் போதாது. சர்க்கரை ஏறும்போது சுரந்து, இறங்கும்போது அடங்க வேண்டும். 2014-இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன் குழு இத்தகைய செல்களைப் பெருமளவில் வளர்த்துக் காட்டியது. அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் டைப் 1. எனக்கு அந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

2025-இல் வெளியான பரிசோதனையில், இப்படி ஆய்வகத்தில் வளர்த்த செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை. உண்மையிலேயே பெரிய விஷயம்.

சரி, பிறகு ஏன் அந்தப் பையனுக்கு வேண்டாம் என்றேன்? செலுத்திய செல்களை உடல் அழிக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தொற்று சுலபமாக வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அந்தப் பரிசோதனையில் சேர்ந்தவர்கள், சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வதையே உணர முடியாத பெரியவர்கள். அவர்களுக்கு அந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் உண்டு. ஊசியால் நன்றாக வளரும் குழந்தைக்கு இல்லை. மாத்திரை இல்லாமலே செல்களைக் காக்கும் வழிகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன.

போனில் இருந்ததோ காசு வாங்கிக்கொண்டு "நிரந்தரத் தீர்வு" தரும் விளம்பரம். யாராவது அப்படிச் சொன்னால், இது பதிவு செய்யப்பட்ட பரிசோதனையா, எந்த வகை செல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். டைப் 1-இல் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.