நாஸ்டால்ஜியா: ஊரேக்கமா, நனவிடை தோய்தலா?

டயானா மார்கோசியன் மாஸ்கோவில் பிறந்த ஆர்மீனியப் பெண். 1996இல், அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை. அப்புறம் குடும்ப ஆல்பத்தில் அப்பா இருந்த இடத்தையெல்லாம் கத்தரித்து எடுத்துவிட்டார். மகள் வளர்ந்து புகைப்படக் கலைஞரானதும், நடிகர்களை வைத்து அந்த நாட்களைத் திரும்ப நடிக்கச் செய்து படமெடுத்தார். 2020இல் அது ‘சாண்டா பார்பரா’ என்ற புத்தகமானது.

இப்படிப்பட்ட படங்களைப் பார்த்ததும் நம் வாயில் வரும் சொல் நாஸ்டால்ஜியா. கேட்க ஏதோ கவிஞர் வைத்த பெயர் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு நோயின் பெயர்! 1688இல் பாசெல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. கிரேக்கத்தில் ‘நோஸ்டோஸ்’ வீடு திரும்புதல், ‘ஆல்கோஸ்’ வலி. வெளியூரில் இருக்கும் சுவிஸ்காரர்கள் ஊர் நினைப்பிலேயே படுத்த படுக்கையாகிவிடுவதைத்தான் அவர் எழுதினார். மருந்து? ஊருக்கு அனுப்பி வைப்பதுதான்.

நூறு வருடம் கழித்து, 1798இல், ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் ஒன்றைக் கவனித்தார். ஊர் திரும்பியவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான் மிச்சம். அவர்கள் தேடிப்போனது ஊரை இல்லை, அங்கே கழிந்த இளமையை. சொல்லின் இன்றைய பொருள் இந்தப் பக்கம் சாய்ந்ததுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கழிவிரக்கம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு; நடந்ததை எண்ணி வருந்துவதுதான் கழிவிரக்கம். ‘ஊரேக்கம்’ ஹோஃபரின் நோய்க்குக் கச்சிதம். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் பிள்ளை அழுவது அதனால்தான். ‘நினைவேக்கம்’ கான்ட் சொன்னதற்குப் பொருந்தும்.

எல்லாவற்றிலும் அழகானது ‘நனவிடை தோய்தல்’. சிட்னியில் குடியேறிய ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. தந்தது, தம் யாழ்ப்பாண நினைவுகளுக்கு அவர் வைத்த தலைப்பும் இதுவே. கனவுக்கு எதிர்ச்சொல் நனவு. விழித்துக்கொண்டே நனைகிறோம்! ஒரே குறை, இதில் வலி இல்லை. தோய்வது சுகமான காரியம்.

மார்கோசியனுக்கு அது ஒத்துவராது. தோய்வதற்கு ஆல்பத்தில் ஓட்டைகள்தான் இருக்கின்றன. ஊரேக்கம் என்றால் எந்த ஊர்? மாஸ்கோவா, கலிபோர்னியாவா, பிற்பாடு அப்பாவைத் தேடிப்போன ஆர்மீனியாவா? அவர் படங்களைப் பற்றி எழுத நேர்ந்தால் முன்னொட்டு எதுவும் இல்லாமல் ‘ஏக்கம்’ என்று மட்டும் எழுதுவேன்.