சீழ் என்று நினைத்துக் கழுவிவிட்டார்

வியாசர்பாடி ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்குக் குதிகாலில் சர்க்கரைப் புண். நீர் கசிந்துகொண்டே இருந்ததால் அல்ஜினேட் டிரெஸ்ஸிங் வைத்துக் கட்டி அனுப்பினேன். மறுநாளே அவர் மனைவி பதறிப்போய் வந்தார். "கட்டு நனைஞ்சிருந்ததுன்னு பிரிச்சேன் டாக்டர், உள்ளே மஞ்சளா கொழகொழன்னு சீழ். சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

அது சீழ் இல்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். மன்னார் வளைகுடாவில்கூட இதற்காகப் பாசி அள்ளுகிறார்கள். வைக்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும். புண்ணின் நீர் பட்டதும் அதிலுள்ள கால்சியம் வெளியேறி, நீரிலுள்ள சோடியம் உள்ளே போகும், பஞ்சு கூழாகிவிடும். அந்தக் கூழ்தான் கசிவை இழுத்துவைத்துக்கொண்டு, புண்ணையும் காயவிடாமல் காக்கிறது. கட்டு மாற்றும்போது சலைன் (சுத்தமான உப்பு நீர்) ஊற்றினால் வழிந்துவிடும். அடியில் இளஞ்சிவப்புச் சதை தெரிந்தால் நல்லது. கழுவிய பிறகும் நாற்றம் போகவில்லை, சுற்றிலும் சிவப்பு பரவுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அன்றே வாருங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். சர்க்கரைக் காலில் வலி தெரியாமலே போகலாம். காய்ந்த புண்ணில் இதை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் மிச்சமிருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டாம்.

கொலாஜன் என்கிற விலங்குப் புரதத்தில் செய்த தாள் வேறு ரகம். அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பல காலமாக ஆய்வு நடக்கும் பொருள். சூடான சாம்பார் கொட்டிய குழந்தையின் கையில் ஒட்டினால், காய்ந்து செலோஃபேன் போல ஆகிவிடும். பாட்டிமார்களுக்கு அதன் ஓரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது! உரிக்காதீர்கள். கீழே தோல் வளர வளரத் தானே கழன்றுவிடும்.

அப்புறம், கொலாஜன் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருகிறது, மீனிலிருந்தும் எடுக்கிறார்கள். ரத்தக் கசிவை நிறுத்தும் கைட்டோசன், இறால், நண்டு ஓட்டிலிருந்து. வேண்டாம் என்று நினைப்பவர்கள், இறால் சாப்பிட்டால் தடிப்பு வருபவர்கள் முதலிலேயே சொல்லுங்கள், மாற்று உண்டு. (பெயரில் 'கேட்' இருந்தாலும், கேட்கட் தையல் நூலுக்கும் பூனைக்கும் சம்பந்தமில்லை. அது ஆட்டுக் குடல், மாட்டுக் குடல்.)

ஓட்டுநருக்குப் புதுக் கட்டு போட்டேன். குதிகாலை ஊன்றி நடந்தால் எந்தப் பாசியும் காப்பாற்றாது என்று அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் மனைவி மருந்துச் சீட்டைத் திருப்பி நீட்டினார்: "எது சீழ், எது கூழ்னு இதுலயே எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்." எழுதிக் கொடுத்தேன்.