தெளிவெடுப்பு

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத் தமிழர்கள் பலருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அரசு அறிவிப்பில் வரும் 'பொது தெளிவெடுப்பு' மட்டும் காலை வாரிவிடும். கரண்டு கட்டணத்தை மாற்றும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இந்தச் சொல்லைப் போட்டுத்தான் அறிவிப்பு தருகிறது. பெரிய ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போதும் இதே சொல். அதிகாரிகள் வந்து நமக்குத் தெளிவுபடுத்துவார்கள் போல என்று தமிழ்க் கண் படித்துவிடுகிறது. விஷயம் நேர் எதிர்: சொல்ல வேண்டியவர்கள் நாம், கேட்க வேண்டியவர்கள் அவர்கள்.

மலையாளத்தில் 'தெளிவு' என்றால் சான்று. குற்றம் சாட்டப்பட்டவரைச் சம்பவ இடத்துக்குப் போலீஸ் கூட்டிப்போவதையும் அங்கே தெளிவெடுப்பு என்றுதான் செய்தியில் சொல்வார்கள். வேர் இரு மொழிக்கும் ஒன்றே, 'தெளி'. வண்டல் அடியில் தங்கி நீர் தெளிகிறதே, அந்தத் தெளிவு. குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே தெளிதல் என்பது ஆராய்ந்து பார்த்து ஒருவரை நம்புவது. மலையாளத்தின் சான்றுப் பொருள் இதற்கு வெகு தூரமில்லை. 'எடுப்பு' நமக்குப் பழகியதுதான்: கணக்கெடுப்பு, வாக்கெடுப்பு. ஆக, பொது தெளிவெடுப்பு என்றால் மக்களிடம் சான்று திரட்டுவது.

தமிழ்நாட்டு அறிவிப்புகளில் இதற்கு இணை 'கருத்துக்கேட்பு'. ஆந்திரச் சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் 'பிரஜாபிப்பிராய சேகரண', மக்கள் கருத்தைத் திரட்டுவது. புழக்கத்தில் இருப்பதால் கருத்துக்கேட்பு என்றே எழுதலாம். ஆனாலும் எடை மலையாளச் சொல்லுக்கே அதிகம் என்பேன். கருத்தைத் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போய்விடலாம், சான்றை அப்படித் தள்ள முடியாது. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலையால் கிணற்று நீர் கெட்டது என்று முதலில் சொன்னது ஊர் மக்கள்தான். ஆலை 2004-ல் நின்றது. நிலம், நீர், பயிர் எல்லாம் சேர்த்து இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று மாநில அரசின் உயர்மட்டக் குழு மதிப்பிட்டது 2010-ல்.

சட்டமும் பக்கபலமாகத்தான் இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-ன் 64-ஆம் பிரிவுப்படி, மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே கட்டண ஆணை வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-ன்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் பேசியதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் விளக்கிப் படிக்கவும் வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் கூட்டம் என்றால் அதைத் தமிழிலும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது கிணற்று நீர்ப் பரிசோதனைத் தாளையோ பழைய கரண்டு பில்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாநில அரசுக்கும் இந்தப் பகுதி அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே மனு எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும்; 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்த உரிமை அது.